களத்துக் கேள்விகள்: பதினான்காம் இலக்கச் சட்டையைக் கழற்றிய பிறகு

சென்ற இதழில் அயர்லாந்தின் கேலிக் உதைபந்தாட்டம் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. சம்பளமே இல்லாத ஆட்டத்தைப் பார்க்க டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் 82,000 பேர் கூடுகிறார்கள் என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு திருகோணமலை வாசகர்கள் கேள்வி மேல் கேள்வியாக எழுதியிருக்கிறார்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முன்கள வீரரைப் பற்றியவை. அவர் எப்படி அடிக்கிறார், எதைக் கொண்டு சீவிக்கிறார், ஆட்டத்தை விட்டபிறகு என்ன ஆகிறார் என்பதே எல்லோருடைய கேள்வியும். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம் என்றால் அது றக்பியா, உதைபந்தா? முன்கள வீரருக்கு அங்கே என்ன வேலை?
— வாசகர், உவர்மலை

இரண்டும் இல்லை, தனி ஆட்டம். அணிக்கு 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீற்றர் நீளம், 80 முதல் 90 மீற்றர் அகலம். கோல் கம்பங்கள் ஆங்கில எச் எழுத்தைப் போல நிற்கும். இரண்டு கம்பங்களுக்கும் இடையே 6.5 மீற்றர், குறுக்குக் கம்பம் நிலத்திலிருந்து 2.5 மீற்றர். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலாகப் போனால் 1 புள்ளி. 2025 முதல் 40 மீற்றர் வளைவுக்கு வெளியே நின்று காலால் அடித்து மேலாகப் போட்டால் 2 புள்ளி. கோலுக்குப் பச்சைக் கொடி, ஒரு புள்ளிக்கு வெள்ளைக் கொடி, இரண்டு புள்ளிக்குச் செம்மஞ்சள் கொடி. முடிவை 2-10 என்று எழுதியிருந்தால் 2 கோலும் 10 புள்ளியும், மொத்தம் 16 என்று வாசிக்க வேண்டும்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓட முடியாது. அதற்குள் நிலத்தில் ஒருமுறை குத்தி எடுக்க வேண்டும், அல்லது பாதத்தில் விட்டுத் தன் கைக்கே தட்டிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவதை ‘சோலோ’ என்பார்கள். தொடர்ந்து இரண்டு முறை குத்தக்கூடாது, சோலோ எத்தனை முறையும் செய்யலாம். பந்தை எறியவும் கூடாது. மூடிய கைமுட்டியாலோ உள்ளங்கையாலோ தட்டித்தான் அனுப்ப வேண்டும்.

முன்களத்தில் ஆறு பேர். 10, 11, 12 இலக்கங்கள் முன்வரிசையின் முதல் படி, 13, 14, 15 கோலுக்கு மிக அருகில் நிற்பவர்கள். 14ஆம் இலக்கக்காரர் நடுவில் நிற்பார், உயரமான பந்தைப் பாய்ந்து பிடிப்பவர். 13உம் 15உம் மூலைக்காரர்கள், பெரும்பாலும் சிறிய உடம்பும் வேகமான காலும் உள்ளவர்கள். கடந்த சில வருடங்களாக எல்லோரும் பின்னால் போய்க் குவிந்து நின்றதால் ஆட்டம் இறுகிப்போயிருந்தது. 2025 முதல் ஒவ்வோர் அணியும் குறைந்தது மூன்று பேரை எதிரணியின் பாதியில் நிறுத்தி வைத்தே ஆக வேண்டும். மூலைக்காரருக்கு ஓட இடம் திரும்பக் கிடைத்தது. எங்கள் பார்வையில் அந்த ஆட்டத்துக்கு நீண்ட காலத்தின் பின் கிடைத்த நல்ல திருத்தம் இது.

சம்பளம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், நம்ப முடியவில்லை. பதினைந்து வருடம் நாட்டின் முதல்தர வீரராக இருப்பவர் எதைக் கொண்டு குடும்பம் நடத்துவார்?
— வாசகர், உப்புவெளி

நம்பலாம். 1884 நவம்பர் 1ஆம் திகதி தேர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம், இன்றுவரை ஆடுவதற்கு ஊதியம் கொடுப்பதில்லை. பயணச் செலவு கொடுப்பார்கள், பயிற்சி முடிந்ததும் சாப்பாடு இருக்கும், அரசின் சிறு உதவித்தொகை உண்டு. விளம்பரத்தில் தோன்றிச் சம்பாதிக்கத் தடையில்லை, ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அமையும்.

இன்னொன்றும் விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கே கழகம் என்பது பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பங்கின் எல்லைதான். பிறந்த பங்குக்கு ஆடுவார், அதில் தேறினால் கவுண்டிக்கு ஆடுவார். கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல. ஒரு கவுண்டி இன்னொரு கவுண்டியின் ஆளை விலைக்கு வாங்கும் வழக்கமே கிடையாது. பாலையூற்றில் பிறந்தவன் பாலையூற்றுக்கும் திருகோணமலைக்கும் ஆடிவிட்டு, பாலையூற்றிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டு வயதாகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கட்டாயம் வேண்டும். ஆசிரியர்கள் மிக அதிகம். காரணம் எளிது: கோடை விடுமுறையும் சாம்பியன்ஷிப்பின் உச்சக்கட்டமும் ஏறக்குறைய ஒன்றாக வரும், பாடசாலை முடிந்து மாலைப் பயிற்சிக்குப் போகவும் நேரம் கிடைக்கும். அடுத்தது பொலிஸ், வங்கி, கமம், விற்பனை. கெரி கவுண்டியின் பாட் ஸ்பிலேன் கவுண்டிகளுக்கு இடையிலான அகில அயர்லாந்துச் சாம்பியன்ஷிப்பில் 8 பதக்கங்களும், வருடத்தின் சிறந்த வீரர்களுக்குத் தரும் ‘ஆல் ஸ்டார்’ விருதுகள் 9உம் வாங்கியவர். அவர் பாடசாலை ஆசிரியர். டைரோன் கவுண்டியின் பீட்டர் கானவன் உடற்கல்வி ஆசிரியர். கெரியின் கோல்ம் கூப்பர், ஊரார் ‘கூச்’ என்று அழைப்பவர், வங்கி ஊழியர். இன்றைய நட்சத்திரம் டேவிட் கிளிஃபோர்டும் ஆசிரியர்தான். ஞாயிறு 80,000 பேர் முன்னால் ஆடிவிட்டு மறுநாள் பெயர்ப் பதிவேடு திறக்கிற வாழ்க்கை அது.

கடினம் எங்கே என்றால் தூரத்தில். டப்ளினில் வேலை, கெரியில் பயிற்சி என்றால் ஒரு வழிக்கே 300 கிலோமீற்றர் அளவில் வரும். இங்கிருந்து கொழும்புக்குப் போவதைவிடத் தூரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மைதானம், இரண்டு நாள் ஜிம், ஒரு நாள் ஆட்டம். இரவு திரும்பும்போது காரில் நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். வேலை உயர்வு, கலியாணம், வீடு கட்டுதல் எல்லாம் இந்த நேரசூசிக்குள் நெருக்குப்படும்.

இதற்கு ஒரு பலனும் உண்டு. 33 வயதில் ஆட்டம் நின்றாலும் அடுத்த மாதச் சம்பளம் நிற்காது. பணத்துக்காக ஆடும் நாடுகளில் ஓய்வு பெற்றவரை விழுத்துவது அந்த இடம்தான். கேலிக் வீரர் ஆடும்போதே இரண்டாவது வாழ்க்கையைக் கட்டிக்கொண்டு வருகிறார்.

காசு என்ற பேச்சு எழுந்தாலே அங்கே மனங்கள் கொதிக்கும். 2017இல் கூப்பருக்கு ஓய்வுப் பாராட்டு விருந்து ஒன்றைப் பணம் வாங்கி நடத்தினார்கள். பணத்தில் ஒரு பகுதி தருமத்துக்கு என்று சொல்லியும் நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பல பதக்கம் வாங்கிய ஒருவருக்கு ஒரு விருந்து தகும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் மறுத்தவர்களின் பயமும் விளங்குகிறது: ஒரு கதவு திறந்தால் அடுத்ததும் திறக்கும்.

நான் உயர்தர மாணவன். கம்பத்துக்கு மேலே அடிப்பது வீடியோவில் பார்க்க இலேசாகத் தெரிகிறது. நண்பர்களோடு அடித்துப் பார்த்தேன், பந்து பக்கத்து வளவுக்குள் போகிறது. எங்கே பிழை?
— மாணவர், மட்டிக்களி

தம்பி, முதலில் பந்தைக் கேட்கிறோம். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் கரப்பந்தை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். கேலிக் பந்து 480 முதல் 500 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்றிமீற்றர். கரப்பந்து 260 முதல் 280 கிராம்தான். பாதிப் பாரம் உள்ள பந்து காற்றில் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 5ஆம் இலக்க உதைபந்து எடுங்கள். சுற்றளவு அதேதான், நிறை 410 முதல் 450 கிராம். கொஞ்சம் இலேசு, ஆனால் பழகப் போதும்.

கம்பத்துக்கு உதைபந்துக் கோலையே பாவிக்கலாம். அது 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். உண்மையான கேலிக் கோலைவிட 82 சென்றிமீற்றர் அகலம் கூட. ஐந்தரை மீற்றர் நீளமான இரண்டு கமுகஞ் சிலாகையை எடுத்து, அடியில் ஒரு மீற்றர் அளவுக்குக் கோல் கம்பத்தோடு சேர்த்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினால் மேல்முனை ஏறக்குறைய 7 மீற்றருக்கு வரும். இரண்டையும் உட்பக்கமாகக் கட்டுங்கள், அகலமும் சற்றுக் குறையும். ஒரே இடத்தில் கட்டினால் காற்றுக்குச் சுழலும். மைதானம் பிறருடையது என்றால் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, ஆடி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இனி உதை. வலக்காலால் அடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பந்தை வலக்கையின் மேல் இடுப்பளவில், வலத் தொடைக்கு நேர் முன்னால் வைத்திருங்கள். இடக்கை பந்தின் பக்கத்தில் சும்மா தொட்டுக்கொண்டிருந்து, கடைசி அடிக்கு முன் விலகி உடம்பின் சமநிலைக்கு வெளியே போகட்டும். மூன்று நான்கு அடி ஓட்டம், கோலுக்கு நேராக அல்லாமல் சற்றுச் சாய்வாக. இடப்பாதம் ஊன்றும்போது அதன் விரல்கள் இலக்கைப் பார்க்க வேண்டும். பந்தை மேலே எறிய வேண்டாம். கையை அடியிலிருந்து எடுத்துவிடுங்கள், அது தானாக விழட்டும். முழங்காலுக்குக் கீழே வந்ததும் புறங்காலின் எலும்பில், சப்பாத்துக் கயிறு கட்டும் இடத்தில், பந்து பட வேண்டும். விரல்கள் கீழ்நோக்கி நீண்டு கணுக்கால் இறுகியிருக்க வேண்டும். அடித்த பிறகும் தலை ஒரு கணம் கீழேயே இருக்கட்டும், கால் இலக்கை நோக்கி முழுவதும் போய் முடியட்டும்.

உங்கள் பிழை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். பந்தை மேலே தூக்கி எறிந்தால் அது சுழன்று விழும், எங்கே படும் என்று காலுக்குத் தெரியாது. உடம்புக்குக் குறுக்கே விட்டால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் சாய்ந்தால் உயரப் போகுமே தவிரத் தூரம் போகாது. பந்து காலில் படுமுன் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தால் நுனிவிரலில் பட்டு வழுகும். பக்கத்து வளவு இடப்பக்கம் என்றால் இரண்டாவது பிழை என்று நினைத்துத் தொடங்குங்கள்.

15 மீற்றரில் கோலுக்கு நேரே நின்று பத்து அடியுங்கள். ஏழு உள்ளே போனால் ஐந்து மீற்றர் பின்னால். ஏழு போகாவிட்டால் அதே இடம். ஒரு நாளில் 40, 50 உதைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் அடித்தால் கவட்டுத் தசை பிடித்து இரண்டு கிழமை நொண்டுவீர்கள்.

பக்கமும் முக்கியம். வலக்காலின் உதை இயல்பாக வலமிருந்து இடமாக வளையும். ஆகவே கோலைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கத்திலிருந்து அடித்தால் பந்து கோலின் முன்னால் போய் உள்ளே வளைந்து வரும், கோணம் விரியும். வலப்பக்கம் இடக்காலருக்கு உரியது. அதனால்தான் இடக்காலால் அடிக்கும் 13ஆம் இலக்கக்காரருக்கு அங்கே தனி மதிப்பு. வலக்காலர் வலப்பக்கத்திலிருந்து அடிக்க வேண்டி வந்தால் பாதத்தின் வெளிப்புறத்தால் அடிப்பார், அது நெடுநாள் பழக வேண்டிய உதை.

கச்சான் காற்றுக்கு என்ன செய்வது?
— வாசகர், திருக்கடலூர்

கச்சான் வீசும் மாதங்களில் மக்கெய்சர் மைதானத்தில் நின்றவருக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். அயர்லாந்தும் அத்திலாந்திக் கடலோரக் காற்றுநாடுதான், அங்கேயும் இதே தொல்லை.

காற்றில் தவறும் உதைகளில் பல பந்து பறக்கும்போது தவறுவதில்லை. கைக்கும் காலுக்கும் இடையில் தவறுகின்றன. பந்து விழும் அந்தச் சிறு இடைவெளியில் காற்று அதை நான்கு விரற்கடை நகர்த்திவிடும், கால் வேறிடத்தில் படும். ஆகவே கையைத் தாழ்த்தி, பந்து விழும் தூரத்தைக் குறையுங்கள். எதிர்க்காற்றில் ஓங்கி அடிக்க வேண்டாம். வீச்சைச் சுருக்கித் தாழ்வாக அடித்தால் பந்து காற்றைக் கிழித்துப் போகும். பக்கக் காற்று என்றால் காற்று வரும் பக்கத்துக் கம்பத்துக்கு வெளியே இலக்கு வையுங்கள். வலமிருந்து வரும் காற்றும் வலக்காலின் வளைவும் ஒரே பக்கம் சேருவதால் அந்த நேரத்தில் இன்னும் ஒரு பாகம் வெளியே வைக்க வேண்டும். பின்காற்று இலேசு என்று நினைப்பார்கள், ஆனால் பந்து தூக்கப்பட்டுக் கம்பத்துக்கு மேலால் எல்லையையும் தாண்டும், குறுகிய உதைதான் தவறிப் போகும்.

எங்கள் பாடசாலை உதைபந்து அணியில் ஒரு வருடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு முழங்கால் போய்விட்டது. ஐரிஷ் வீரர்கள் இப்படியான காயத்திலிருந்து மீண்டு ஆடுகிறார்களே, எப்படி?
— உடற்கல்வி ஆசிரியர், கிண்ணியா

ஆசிரியரே, முழங்காலின் உள்ளே முன்குறுக்குத் தசைநார் என்று ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரும்பினால், ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் மடங்கினால், அது அறும். யாரும் மோதத் தேவையில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு காலை ஊன்றினால் முழங்கால் விட்டுக்கொடுக்கிற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் எண்ணெய் போட்டு உருவி விடாமல் எலும்பு வைத்தியரிடம் காட்டுங்கள். உருவுவதால் வீக்கம் கூடும்.

முன்கள வீரருக்கு இது அடிக்கடி வரும். ஏமாற்றித் திரும்புவதே அவருடைய தொழில். பாட் ஸ்பிலேனுக்கு 1981இல் முழங்கால் போனது. அந்தக் காலத்தில் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்பார்கள். அவர் திரும்பி வந்து 1984, 1985, 1986 மூன்று வருடமும் பட்டம் வென்றார், 1986இல் ஆண்டின் சிறந்த வீரராகவும் தெரிவானார். கூப்பருக்கு 2014 பெப்ரவரியில் கழக ஆட்டம் ஒன்றில் போனது. அந்த வருடம் கெரி பட்டம் வென்றபோது அவரால் களமிறங்க முடியவில்லை. 2015இல் திரும்பினார், 2017இல் தன் கழகமான டொக்டர் குரோக்ஸுக்கு அகில அயர்லாந்துக் கழகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

சத்திர சிகிச்சை பாதிதான். முதல் இரண்டு கிழமை வீக்கத்தை இறக்கி, முழங்காலை முற்றாக நீட்ட வைக்க வேண்டும். நீட்ட வராத கால் பின்னர் ஓட வராது. அதன்பின் தொடைத் தசை. நேர்கோட்டு மெல்லோட்டம் மூன்று நான்கு மாதமளவில், திரும்பும் ஓட்டம் ஆறு மாதமளவில், போட்டி ஒன்பது மாதத்துக்கு முன் வேண்டாம். நாட்காட்டியை மட்டும் நம்பவும் கூடாது. காயப்பட்ட காலின் பலம் மற்றக் காலின் பத்தில் ஒன்பது பங்கையாவது தொட வேண்டும். ஒற்றைக் காலால் மூன்று பாய்ச்சல் பாய்ந்து இரண்டு காலின் தூரத்தையும் நாடாவால் அளந்து பாருங்கள், பாடசாலையிலேயே செய்யலாம். ஆறாம் மாதம் வலி இல்லை என்று ஆடப் போகிற பிள்ளைதான் இரண்டாம் முறை அறுத்துக்கொண்டு வருவது.

வருமுன் காக்க, கேலிக் சங்கம் 15 நிமிட ஆயத்தப் பயிற்சி ஒன்றை எல்லாக் கழகங்களுக்கும் கொடுத்திருக்கிறது. அதன் சாரத்தை நீங்களும் எடுக்கலாம். மெல்லோட்டமும் பக்க ஓட்டமும் ஐந்து நிமிடம். பிறகு ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்தல், பக்கத்துக்கு 30 செக்கன். குதித்து இரண்டு காலில் மெதுவாக இறங்குதல் பத்து முறை, முழங்கால் பெருவிரலுக்கு நேரே இருக்கிறதா என்று நீங்கள் முன்னால் நின்று பார்க்க வேண்டும். பின்தொடைக்கு, முழந்தாளிட்டு நிற்க நண்பன் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து முன்னால் மெதுவாகச் சரிதல், தொடக்கத்தில் ஐந்து முறை போதும். கேலிக் உதைபந்தில் மிக அதிகமாக வரும் காயம் பின்தொடைத் தசைப்பிடிப்பு, அதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கடைசியில் மூன்று வேக ஓட்டம். கிழமையில் இரண்டு முறை, தவறாமல். ஒரு மாதம் செய்து விட்டுவிட்டால் பலன் இல்லை.

வாய்க்கவசமும் சொல்ல வேண்டும். 2014 முதல் அங்கே அது எல்லோருக்கும் கட்டாயம். கொதிநீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் சாதாரண வகையே போதும்.

எத்தனை வயதில் விடுகிறார்கள்?
— வாசகர், அன்புவழிபுரம்

கூப்பர் 33, கானவன் 34, ஸ்பிலேன் 35. கவுண்டி அணியை விட்ட பிறகும் பங்குக் கழகத்துக்கு நாற்பது தாண்டி ஆடுபவர்கள் உண்டு.

என் தம்பி மாவட்ட அணிக்கு ஆடியவன். 31 வயதில் விட்டுவிட்டான். பின்னேரம் நாலு மணியானால் வீட்டுக்கும் படலைக்கும் நடக்கிறான், யாரோடும் கதைப்பதில்லை. அங்கே இப்படி வருவதில்லையா?
— வாசகி, நிலாவெளி

வருகிறது அக்கா, அங்கேயும் வருகிறது. வேலை கையில் இருப்பதால் பட்டினி இல்லை. ஆனால் கிழமையில் ஐந்து நாள் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு என்று பதினைந்து வருடம் மற்றவர்கள் தீர்மானித்துத் தந்த ஒருவருக்கு அந்த அட்டவணை ஒரே நாளில் இல்லாமற்போகிறது. உங்கள் தம்பியைப் படலைக்கு நடக்க வைப்பதும் அந்த நாலு மணிதான்.

ஆர்மா கவுண்டியின் ஒஷீன் மக்கன்வில் கதையைச் சொல்ல வேண்டும். 2002 இறுதி ஆட்டத்தில் இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டியைத் தவறவிட்டார், இரண்டாம் பாதியில் கோல் போட்டு ஒரேயொரு புள்ளியால் ஆர்மாவுக்கு அதன் முதல் பட்டம் கிடைக்கக் காரணமானார். ஊரே தோளில் தூக்கிய அந்தக் காலத்திலேயே அவர் சூதாட்டத்தில் மூழ்கியிருந்தார். பிறகு சிகிச்சை இல்லத்தில் தங்கி மீண்டார், வெளிப்படையாகச் சொன்னார், படித்து, அடிமைப்பட்டவர்களுக்கான உளவளத் துணையாளரானார். விக்லோ கவுண்டி அணியின் முகாமையாளராகவும் ஆனார். நாங்கள் இந்த முன்கள வீரர்களில் அவரைத்தான் மிக உயரத்தில் வைக்கிறோம்.

இன்னொருவர் ஓஃபலி கவுண்டியின் மாட் கானர். 1982இல் கெரியின் ஐந்தாவது தொடர்ப் பட்டத்தைத் தடுத்த அணியில் ஆடியவர். 1984 நத்தார் தினத்தன்று கார் விபத்து. 25 வயதில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவர் பொலிஸ்காரர். சக்கர நாற்காலியில் இருந்தபடி அதே வேலைக்குத் திரும்பினார். டெரி கவுண்டியின் ஜோ ப்ரோலி, 1993 பட்டம் வென்றவர், தொழிலில் சட்டத்தரணி. 2012இல் தன் கழகத்துப் பயிற்றுநர் ஒருவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். அது சில நாளில் செயலிழந்துவிட்டது. அவர் சோரவில்லை, உறுப்புதானச் சட்டத்துக்காகத் தொடர்ந்து பேசினார்.

கால்வேயின் பாட்ரிக் ஜாய்ஸ் 2001 இறுதியில் 10 புள்ளி அடித்தவர், இருபது வருடம் கழித்து அதே அணியின் முகாமையாளராக 2022இலும் 2024இலும் இறுதிக்குக் கொண்டுபோனார், இரண்டிலும் தோற்றார். கானவன் 1995 இறுதியில் டைரோனின் 12 புள்ளியில் 11ஐத் தனியாக அடித்துத் தோற்றவர், 2003இல் தலைவராகக் கிண்ணம் தூக்கியவர். அவருடைய மகன் டராஹ் 2021இல் டைரோனோடு பட்டம் வென்றார். ஸ்பிலேனின் தந்தை 1964 இறுதியில் கெரியின் தெரிவாளர், அந்தக் கிழமையே மாரடைப்பில் இறந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் ஆடியதை அவர் காணவில்லை. மூவரும் சேர்த்து வாங்கியது 19 பதக்கம். 2022இல் தொலைக்காட்சியிலிருந்து விடைபெற்ற நாளில் ஸ்பிலேன் இதைச் சொல்லி அழுதார்.

தம்பிக்கு வருவோம். நாலு மணியை வெறுமையாக விடாதீர்கள். கிழமையில் இரண்டு நாள், பழைய பயிற்சி நாட்களிலேயே, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதை பழக்கச் சொல்லுங்கள். முழு அணியையும் ஒப்படைக்க வேண்டாம், ஆறு பிள்ளை போதும். மத்தியஸ்தர் பரீட்சை எழுதலாம், பழைய முன்கள வீரருக்குப் பிழை எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், பயிற்சிக் காலத்து மூன்று தட்டுச் சோறு இப்போது உடம்பில் தங்கும். அவர் கடன் கேட்கத் தொடங்கினாலோ, போனை மறைத்துப் பார்த்தாலோ, ஆட்ட முடிவுகளை அளவுக்கு மீறி விசாரித்தாலோ பந்தயம் கட்டுகிறாரா என்று நேராகக் கேளுங்கள். ஒரு மாதம் கடந்தும் நித்திரையும் பசியும் சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

எனக்கு 52 வயது. இளமையில் 9ஆம் இலக்கத்தில் ஆடினேன். இப்போது படி இறங்கும்போது முழங்கால் கரகரக்கிறது. ஆடியதுதான் காரணமா?
— வாசகர், பாலையூற்று

பழைய காயம் இருந்திருந்தால் ஆம், ஒரு காரணம். தசைநார் அறுந்த முழங்காலில் பத்து இருபது வருடத்தில் குருத்தெலும்பு தேய்வது சாதாரணம். கேலிக் முன்கள வீரர்களுக்கு இடுப்பு மூட்டும் தேயும், இறுக்கமான இடுப்போடு ஆயிரக்கணக்கான உதை அடித்ததன் விலை அது.

ஓய்வு எடுத்தால் மோசமாகும். கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி மெதுவாக இருங்கள், பத்து முறை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டொரு நாள். படுத்தபடி காலை நீட்டி ஒரு சாண் உயர்த்தி ஐந்து செக்கன் பிடியுங்கள், பக்கத்துக்குப் பத்து. சைக்கிள் நல்லது, இருக்கையை உயர்த்துங்கள், மிதி அடியில் போகும்போது முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் போதும். உப்புவெளிப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் 20 நிமிடம் நடக்கலாம். உடல்நிறையில் ஐந்து கிலோ குறைந்தாலே படியில் வித்தியாசம் தெரியும். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால் அளவு கூடிவிட்டது, பாதியாக்குங்கள். இரவில் வலியால் விழித்தாலோ முழங்கால் இடையில் பூட்டிக்கொண்டாலோ வைத்தியரைப் பாருங்கள். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு முதியோர் போட்டிக்கு இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

பெண்கள் ஆடுகிறார்களா? நான் வலைப்பந்தில் கோல் ஷூட்டர்.
— மாணவி, மூதூர்

ஆடுகிறார்கள். பெண்களுக்கான சங்கம் 1974இல் தொடங்கியது. 4ஆம் இலக்கச் சிறிய பந்து, நிலத்திலிருந்து கையால் நேரே எடுக்கலாம். ஆண்கள் பாதத்தால் தூக்கித்தான் எடுக்க வேண்டும். மேயோ கவுண்டியின் கோரா ஸ்டான்டன் நான்கு அகில அயர்லாந்துப் பட்டமும் 11 ஆல் ஸ்டார் விருதும் வாங்கிய முன்கள வீராங்கனை. 36 வயதில் அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கத்தைய ஆட்டத்தைத் தொழிலாக ஆடத் தொடங்கினார். 2019இல் கால் எலும்பு முறிந்தும் திரும்பி வந்து ஆடினார். தங்கச்சி, வலைப்பந்தில் உயர்ந்த பந்தைப் பாய்ந்து பிடித்து, இறங்கும் காலை ஊன்றித் திரும்புகிறீர்களே, 14ஆம் இலக்கத்தின் வேலையில் பாதி அது. உதையை மட்டும் பழகினால் போதும்.

அண்ணா டுபாயில் வேலை. அங்கே சேர்ந்து ஆட முடியுமா?
— வாசகர், சாம்பல்தீவு

முடியும். டுபாயிலும் அபுதாபியிலும் கேலிக் கழகங்கள் இருக்கின்றன, ஐரிஷ்காரர் அல்லாதவர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். புதியவர்களுக்கு மட்டுமான பயிற்சி நாள் எது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். உதைபந்துச் சப்பாத்தும் வாய்க்கவசமும் கொண்டு போனால் போதும், கையுறை பிறகு வாங்கலாம். முதல் மாதம் அவருக்கு நான்கு அடிக் கணக்குத்தான் தடக்கும். உதைபந்தாடியவர்கள் எல்லோரும் ஐந்தாவது அடியில்தான் பிடிபடுகிறார்கள். அறைக்குள்ளேயே பந்தைப் பிடித்து, மூன்று அடி எண்ணி, சோலோ, மறுபடி மூன்று அடி, குத்து என்று தினமும் பத்து நிமிடம் நடந்து பழகச் சொல்லுங்கள்.